ஏணி மேல் ஒரு துண்டு

திரை விலகியதுதான் தாமதம், கைதட்டல் காதைப் பிளந்தது. கடைசி வரிசையில், மேடை அலங்காரத்துக்குப் பொறுப்பான செட்டுக்காரர் மட்டும் ஆமை மாதிரி தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பயம் இருக்காதா? போன வருட விடுமுறைக் கச்சேரியில் இவர் தொங்கவிட்ட மேகம், பாட்டின் பாதியில் டிரம்ஸ்காரர் தலையில் இறங்கியது. இந்தத் தடவையும் சொதப்பினால் தொழிலுக்கு முழுக்கு, மச்சானின் இரும்புக்கடையில் ஆணி நிறுக்கும் வேலைதான் என்று மனைவி தீர்ப்பே சொல்லியிருந்தாள்.

அந்த மனைவிதான் இப்போது வாயைப் பிளந்து மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய மர ஏணி, அதன் உச்சியில் ஓர் அழுக்குத் துண்டு, கீழே இறைந்து கிடக்கும் மரப்பெட்டிகள், மேலே ஒற்றை பல்பு. பாடகி ஒரு பெட்டியில் உட்கார்ந்து, காலை ஆட்டியபடி பாடினாள்.

"ஏங்க, இதெல்லாம் நீங்களா யோசிச்சீங்க?"

"எனக்கு ஏதும்மா அவ்வளவு மூளை?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் இவ்வளவு பணிவாகப் பேசி அவள் கேட்டதே இல்லை.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்து, துண்டித்தார். மறுபடியும் அதிர்ந்தது.

"யாருங்க அது, விடாம கூப்பிடுறது?"

"லாரிக்காரன். அவனுக்கு வேற வேலை இல்ல."

இடைவேளையில் விழா அமைப்பாளர் ஓடி வந்தார். போன வருடம் அடிக்க ஓடி வந்த அதே மனிதர், இப்போது கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"கலக்கிட்டீங்க சார்! வேலையைப் போட்டது போட்டபடி விட்டுட்டு எல்லாரும் லீவுக்கு ஓடிட்டாங்க, அதைத்தானே காட்டியிருக்கீங்க? அந்தத் துண்டு ஒண்ணு போதும் சார், கண்ணுல தண்ணியே வந்துடுச்சு!"

"ஐயோ, நான் ஒண்ணுமே பண்ணலைங்க" என்று நெளிந்தார் செட்டுக்காரர்.

"நிறைகுடம் தளும்பாதுன்னு சும்மாவா சொன்னாங்க! அடுத்த வருஷமும் நீங்கதான். மேடைக்கு வாங்க, எல்லார் முன்னாடியும் சொல்லிடுறேன்."

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இரும்புக்கடைன்னு சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க" என்றாள்.

அவ்வளவுதான், மனிதருக்குக் குளிர்விட்டுப் போயிற்று. அதோடு வாயை மூடிக்கொண்டு நடந்திருக்கலாம். விதி விடுமா?

"அந்தத் துண்டை எந்தப் பக்கம் தொங்கவிடறதுன்னுதான் சார் ஒரு வாரமா மண்டையை உடைச்சுக்கிட்டேன்" என்றார் நெஞ்சை நிமிர்த்தி.

மறுபடி போன். துண்டிக்கப் போன விரல் வியர்வையில் வழுக்கி வேறெதையோ அழுத்த, ஸ்பீக்கரில் குரல் அலறியது.

"அண்ணே, ஒருவழியா டயரை மாத்திட்டு வாசலுக்கு வந்துட்டேன்! நிலா, கப்பல், கடல் எல்லாம் பத்திரமா இருக்கு. உங்க செட்டை எங்கண்ணே இறக்கறது?"