குருவி மாட்டிய மணி

போன முறை இட்ட முட்டைகளை யாரோ தின்றுவிட்டதால், கூட்டருகே யார் வந்தாலும் அடிக்கும்படி ஒரு மின்சார மணியைத் தானே செய்துவிடுவதென்று குருவி முடிவெடுத்தது.

முதல் நாள் பேட்டரியைத் தலைகீழாக மாட்டியதில் மணி வாயே திறக்கவில்லை. மறுநாள் இரண்டு ஒயர்கள் உரசிப் புகை கிளம்பியது. குருவியின் இறகு நுனி கருகியது.

"உனக்கெதுக்கும்மா இந்த வேண்டாத வேலை? பேசாம போய் இரை தேடு" என்றது பக்கத்துக் கிளைக் காகம்.

"இது அடிக்கிற வரைக்கும் நான் விடறதா இல்லண்ணே" என்ற குருவி, கருகிய ஒயர்களைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நார் சுற்றி, மறுபடி இணைத்தது.

மூன்றாம் நாள் அது இரை தேடப் போயிருந்தபோது மணி கணகணவென்று அடித்தது. பதறிப் பறந்து வந்து பார்த்தால், கூட்டு வாசலில் காகம்.

"மணி வேலை செய்யுதான்னு பார்க்க வந்தேன்மா."

"நல்லாவே செய்யுதண்ணே. நீங்க கிளம்புங்க" என்று முட்டைகளை இறகால் மூடிக்கொண்டது குருவி.