செயினுக்கு ஏற்ற எண்ணெய்

"சமையல் எண்ணெயையா ஊத்தினீங்க?"

சைக்கிள் செயினைத் தொட்ட விரலை மோந்து பார்த்துவிட்டு மெக்கானிக் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். விரலில் இருந்த கறுப்பு நெற்றியில் அப்பிக்கொண்டது. காலையிலிருந்து பதினோரு சைக்கிள் பார்த்து இடுப்பு விட்டுப்போயிருந்தது, இது பன்னிரண்டாவது.

"வீட்டுல அதுதான்மா கைக்குக் கிடைச்சுது" என்றார் மீட்டர்காரர். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்த்து அளவைக் குறித்துக்கொண்டு வருவது அவர் வேலை. இருபத்தாறு வருஷமாக ஆபீஸ் சைக்கிள்தான் அவருக்கு வாகனம்.

சுவரைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். 'கடக்' என்றது. இந்த ஸ்டூலுக்கும் ஒரு ஆணி அடிக்கணும், அதுக்கு எப்போ நேரம் கிடைக்கப்போகுது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"ஏண்ணே, போன மாசம் செயின் பூரா கிரீஸை அப்பிட்டு வந்தீங்க. கிரீஸ் உள்ள சுத்துற பேரிங்குக்கு, செயினுக்கு இல்லைன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அப்புறம் தையல் மிஷின் எண்ணெய். அது தண்ணி மாதிரி, ரெண்டு நாள்ல காஞ்சிடும்னேன். இப்போ தாளிக்கிற எண்ணெய்! இது பிசுபிசுன்னு ஆகி, ரோட்டுத் தூசியெல்லாம் வாரிக் கட்டிக்கிட்டு நிக்கும். நான் கொடுத்தேனே ஒரு பாட்டில், அது எங்கே?"

"அது அப்படியே இருக்கும்மா. இன்னும் திறக்கலை."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆளைப் பார்த்தால் கஞ்சன் மாதிரியும் தெரியவில்லை, விவரம் தெரியாதவர் மாதிரியும் தெரியவில்லை. ஆனால் அந்தச் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதே 'கீச்சு கீச்சு' என்று ஊரைக் கூட்டும்.

"ஆபீஸ்லதான் சர்வீஸ் பண்ணிட்டு வரச் சொல்லிச் சீட்டு கொடுத்துட்டாங்க" என்றார் அவர், ஏதோ தண்டனைச் சீட்டு போல அதை நீட்டி. "நாளைக்குப் புது ஆபீசர் என்கூடவே சைக்கிள்ல ரவுண்டு வர்றார். யாரு இந்த வேலைக்கு லாயக்கு, யாரு இல்லைன்னு லிஸ்ட் எடுக்கிறாராம். லிஸ்ட்ல பேர் வந்தா வீட்டுக்குத்தான். சின்னவளுக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கு."

"இந்தச் சத்தத்தோட போனா உங்க பேருதாண்ணே முதல்ல இருக்கும்!"

"நீ சும்மா மேலோட்டமா துடைச்சு விடும்மா, போதும்."

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. கோபம் போய் அந்த இடத்தில் பாவம் வந்துவிட்டது. செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டாள். பழைய பிரஷ்ஷால் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்தாள். பெடல் அச்சைப் பிரித்துப் புது கிரீஸ் வைத்தாள்.

மழைக்காலம் என்றால் கெட்டியான எண்ணெய் போட்டிருப்பாள். இது தூசி பறக்கிற வெயில் காலம். அதனால் செயினுக்கென்றே வரும் இளகலான எண்ணெயை எடுத்துக் கண்ணிக்கு ஒரு சொட்டு வீதம் விட்டு, மேலே நின்றதைத் துணியால் வழித்து எடுத்தாள். முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது.

ஸ்டாண்டு போட்டுப் பெடலைச் சுற்றிவிட்டாள். சக்கரம் சுழன்றது, சத்தம் என்று ஒன்று மருந்துக்கும் இல்லை.

"எப்படி?"

மீட்டர்காரர் முகம் தொங்கிப்போயிற்று. "சுத்தமாவே சத்தம் இல்லையா?" என்றார்.

இடுப்பொடிய வேலை பார்த்ததற்கு ஒரு நல்ல வார்த்தை உண்டா! "நம்பிக்கை இல்லைன்னா ஓட்டித்தான் பாருங்களேன்" என்றாள் வெடுக்கென்று.

ஸ்டூலிலிருந்து எழுந்தார், 'கடக்'. ஏறி மிதித்தார்.

சைக்கிள் சத்தமில்லாமல் போயிற்று. ஆனால் நாலு மிதி மிதித்ததும் 'கடக்' என்று கேட்டது. இன்னொரு மிதி, இன்னொரு 'கடக்'. மதிய நேரத்து வெறுந்தெருவில் அது நன்றாகவே கேட்டது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று ஓடிப்போய்ச் சைக்கிளை வாங்கினாள். தானே ஏறித் தெருக்கோடி வரை போய்த் திரும்பினாள். அவரைவிட அவள் ஒரு சுற்றுப் பெருத்தவள், அவள் மிதியில் வராத சத்தமா அவர் மிதியில் வரும்? பேச்சுமூச்சு இல்லாமல் ஓடிற்று சைக்கிள்.

மறுபடி அவரிடம் கொடுத்தாள். 'கடக்.'

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அலுத்துப்போய் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். ஸ்டூல் முனகக்கூட இல்லை. எழுந்து, மறுபடி உட்கார்ந்து, ஆட்டியும் பார்த்தாள். கல் மாதிரி நின்றது.

மெதுவாகத் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். அவர் பார்வையை விலக்கிக்கொண்டார்.

"பழைய சத்தத்தையே வெச்சுக் கொடுத்துடும்மா" என்றார். குரல் இறங்கியிருந்தது. "சைக்கிள் சத்தம் போட்டா வேற சைக்கிள் கொடுப்பாங்க. முட்டி சத்தம் போட்டா, வேற ஆளைப் போட்டுடுவாங்கம்மா."