பல்லைப் பிடித்துப் பார்த்தவள்

"இது வேணாங்க. அதோ, கடைசியில நிக்குது பாருங்க, அது வேணும்."

மேடையில் மைக்கே ஒரு நொடி வாயடைத்துப் போனது.

அமைச்சர் தன் கையால் கொடுக்கிற இலவசத் தையல் மெஷின். புதுப் பெயின்ட், சுற்றிலும் ரிப்பன், நடுவில் அமைச்சர் சிரிக்கிற படம். அதைத்தான் அந்தத் தையற்காரம்மா வேண்டாம் என்கிறாள்.

கூட்டம் சும்மா இருக்குமா?

"ஓசியில வர்றதையும் அம்மா பொறுக்கித்தான் எடுப்பாங்களாம்!"

"தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்குறா பாரு!"

மேடைக்குக் கீழே கேமராவோடு நின்ற போட்டோக்காரர் அவளை அண்ணாந்து முறைத்தார். கல்யாண வீடுகளில் ஆளாளுக்குச் செல்போனைத் தூக்கிய பிறகு, அவர் பிழைப்பு அரசாங்க வேலையில்தான் ஓடுகிறது. திறப்பு விழாவோ, திடீர்ச் சோதனையோ, எதுவானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எத்தனை நாளைக்கோ தெரியாது. காலையிலேயே அமைச்சரின் உதவியாளர் காதைக் கடித்திருந்தார்.

"வாங்குறவங்க சிரிக்கிற படம் வேணும்யா. நாளைக்கு ஊரெல்லாம் ஒட்டணும். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கிற படமாக் கொண்டு வந்தே, அடுத்த விழாவுக்கு வேற ஆளு."

ஆனால் அதுவரை மேடையேறிய பெண்கள் எல்லாம் சாவு வீட்டுக்கு வந்தவர்கள் போல நின்றுவிட்டு இறங்கிப் போயிருந்தார்கள். பாக்கி இருப்பவர்கள் இரண்டு மூன்று பேர்தான். இவளோ பேரம் பேசுகிறாள்.

'கொழுப்பு' என்று பல்லைக் கடித்தார் போட்டோக்காரர்.

அமைச்சர் பழம் தின்று கொட்டை போட்டவர். சட்டென்று மைக்கைப் பிடித்தார்.

"அந்தத் தங்கச்சி கேட்டதையே குடுங்கய்யா! மக்கள் கேக்குறதைக் குடுக்கத்தானே நாங்க இருக்கோம்? வீட்டுக்கு வீடு கண்டபடி நடந்துக்கிட்டிருந்த தொழிலை எல்லாம் சட்டம் போட்டு ஒழுங்குபடுத்தினது யாரு? நாங்க! இன்னிக்குக் கையில தொழில் இல்லாம நிக்கிற பொண்ணுங்களுக்கு மெஷின் குடுக்குறது யாரு? நாங்க!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று வாரி வழங்குவதில் அமைச்சர்களை மிஞ்ச ஆளில்லை.

இரண்டு பேர் கடைசி மெஷினை இழுத்து வந்து நடுவில் நிறுத்தினார்கள். அவள் நன்றி சொல்லவில்லை. சட்டென்று குனிந்து, பலகைக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். பிறகுதான் நிமிர்ந்தாள். கூட்டத்தில் மறுபடியும் சிரிப்பு.

போட்டோக்காரர் மேடை விளிம்புக்கே வந்து கெஞ்சினார்.

"ஒரே ஒரு தடவை சிரி தங்கச்சி. படம் நல்லா வரணும்ல?"

அவள் உதடு அசையவில்லை. உதவியாளர் அவள் பக்கம் லேசாகச் சாய்ந்தார்.

"சிரிம்மா. இல்லேன்னா இது அடுத்தவளுக்குப் போயிடும்."

அவள் சிரித்தாள். எல்லாப் பல்லும் தெரிந்தது.

கிளிக்.

போட்டோக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

விழா முடிந்து மேடைக்குப் பின்பக்கம் போனால், அவள் தனியாக மெஷினை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றப் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் கிடைத்த சந்தோஷத்தில் அவரும் ஒரு கை கொடுத்தார். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏம்மா, அத்தனை பேர் முன்னால அப்படியா பண்ணுவே? குடுக்குறவங்களுக்கு ஒரு மரியாதை வேணாமா?"

அவள் வண்டியை அசையாமல் பிடித்துக்கொண்டாள். அவர் மெஷினைச் சாய்த்துத் தூக்கும்போது விரலில் சுருக்கென்று ஏதோ குத்தியது. குனிந்து பார்த்தார். இரும்புக் காலின் உள்பக்கம் வட்டமாக ஒரு காந்தம். அதில் ஏழெட்டு ஊசிகள், துருப்பிடித்து.

"என்னம்மா இது? புது மெஷின்ல துருப்பிடிச்ச ஊசி?"

"பழைய ஸ்பீக்கர்ல இருந்து எங்க வீட்டுக்காரர் கழட்டிக் குடுத்த காந்தம்ணே. ஊசி கீழ விழுந்தா பிள்ளைங்க கால்ல ஏறிடுமேன்னு நான்தான் ஒட்டி வெச்சேன்." அவள் பலகையை முந்தானையால் துடைத்தாள். "மேலாப்புல மட்டும்தான் பெயின்ட் அடிச்சிருக்காங்க. குனிஞ்சு பாக்கல."

"அப்ப இது..."

"என்னோடதுதான். வீட்டுல தைக்க லைசென்ஸ் இல்லேன்னு போன மழைக்காலத்துல சோதனைக்கு வந்து தூக்கிட்டுப் போனாங்களே, அதேதான். மேடையில இருந்த மத்ததும் எங்க தெருக்காரங்களோடதுதான். மாத்தி மாத்திக் குடுத்துட்டாங்க. அவளவ மெஷினை நாங்களே தேடி மாத்திக்கணும்."

போட்டோக்காரர் ஊசி குத்திய விரலைத் துடைத்துக்கொண்டார். ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டார்.

"மறுபடியும் வந்து தூக்கிட்டுப் போயிட்டா?"

"இனிமே எப்படித் தூக்குவாங்க? அதான் மேல அவரு மூஞ்சி இருக்குதே."

வண்டியைத் தள்ளத் தொடங்கியவள் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்கு ஞாபகம் இல்ல போலிருக்குண்ணே. அன்னிக்கு லாரியில ஏத்தும்போதும் நீங்கதான் படம் எடுத்தீங்க. 'அழாத தங்கச்சி, படம் கெட்டுப்போகும்'னு அன்னிக்கும் இப்படித்தான் பாசமாச் சொன்னீங்க."