முதல் கை

இன்னாசியின் தம்பி சூசை விசைப்படகிலிருந்து கடலில் விழுந்து மூன்று நாளாகிவிட்டது. படகில் மீதமிருந்த ஒன்பது பேரும் கண் பூத்துப்போகும்வரை தேடினார்கள். படகோட்டி பனியடிமை தொண்டையைச் செருமினான்.

"கரைக்குப் போற அளவுக்குத்தான் டீசல் கெடக்கு. திரும்பலாம்னு நெனைக்கிறவங்க கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. எல்லோரும் தண்ணீரையே பார்த்தார்கள். அவர்களுக்கும் கரையில் பிள்ளைகள் இருந்தார்கள். தான் தூக்காமல் ஒருவனும் தூக்கமாட்டான் என்பது இன்னாசிக்குப் புரிந்தது. மெல்லக் கையை உயர்த்தினான். உடனே மற்றக் கைகளும் மளமளவென்று எழுந்தன. அவன் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

கரையில் சூசையின் மனைவி லூர்து ஓடிவந்து இன்னாசியின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"அவர விட்டுட்டுத் திரும்பலாம்னு யாரு அத்தான் சொன்னது?"

"எல்லாருமாச் சேந்துதாம்மா முடிவெடுத்தோம்."

"நீங்களுமா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் பனியடிமை குறுக்கே வந்தான். "அவன் கை தூக்கவே இல்லம்மா. நாங்கதான் தூக்கினோம்."

மற்ற ஏழு பேரும் ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். லூர்து சட்டையை விட்டுவிட்டு, இன்னாசியின் தோளில் சாய்ந்து கதறினாள். முதலில் உயர்த்திய அந்தக் கையை அவன் மெல்ல அவள் தலையில் வைத்தான்.