எதிர்த்து ஒரு ஓட்டு

எல்லோரும் கை தூக்கியாகிவிட்டது. சிவகுமார் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ப்ரசன்னாவுக்குச் சுருக்கென்றது. தமிழ் மாணவர் சகோதர மன்றத்தின் தலைவனாக அவன் கொண்டுவந்த பத்தாண்டுத் திட்டம் அது. மன்றத்தின் விதிப்படி, ஒருவர் எதிர்த்தாலும் திட்டம் செல்லாது.

"எதிர்க்கிறியா, இல்ல இன்னும் யோசிக்கிறியா?"

"எதிர்க்கிறேன்," என்றான் சிவகுமார்.

முனிர்காவில் மன்றம் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் கூடத்தில்தான் கூட்டம் நடந்தது. ஊரிலிருந்து படிக்க வரும் பையன்கள் டெல்லியில் தங்க இடமில்லாமல் திண்டாடக் கூடாது என்று பழைய மாணவர்கள் ஏற்படுத்திய வீடு. அன்றன்றைக்குப் பிரச்சினையைச் சமாளித்தே காலம் ஓடிக்கொண்டிருந்தது. பத்து வருஷம் கழித்து மன்றம் எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்த முதல் தலைவன் ப்ரசன்னாதான்.

வருஷத்துக்கு ஒரு இலக்கு வைத்திருந்தான். பழைய மாணவர்களை ஒன்று சேர்ப்பது, நூலகம், வேலை தேடுகிறவர்களுக்குப் பயிற்சி, கடைசியில் சொந்தக் கட்டடம். எல்லாவற்றுக்கும் மேலாக, எட்டாவது வருஷத்தில் பெண்களையும் உறுப்பினராக்கி, தனிப் படிக்கட்டு உள்ள மேல் மாடியை அவர்களுக்கு ஒதுக்குவது. மன்றத்தில் இதுவரை யாரும் பேச்சுக்குக்கூட எடுக்காத விஷயம்.

அந்த இடத்தை வாசிக்கும்போது அவன் குரலே கம்பீரமாகிவிட்டது. வந்திருந்த பழைய மாணவர்கள் கை தட்டினார்கள். பின்வரிசையில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்த மானசாவை ஒரு தடவை பெருமையாகப் பார்த்துக்கொண்டான். அவனோடு எம்.ஏ. படிக்கிறவள். திட்டத்தை நல்ல தமிழில் எழுதிக் கொடுத்ததே அவள்தான். டெல்லி கிட்வாய் நகரிலேயே பிறந்து வளர்ந்த ப்ரசன்னாவுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது.

இவ்வளவையும் ஒரே ஓட்டில் கெடுக்கப் பார்க்கிறான் சிவகுமார்.

காரணம் என்ன பெரிய காரணம் என்று நினைத்தான் ப்ரசன்னா. கரூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரிலிருந்து ஆராய்ச்சி படிக்க வந்தவன். எதிரே பெண்கள் வந்தால் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கிப் போகிறவன். அவனிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

காலம் மாறிவிட்டது என்பதை ப்ரசன்னா நயமாக எடுத்துச் சொன்னான். பழைய மாணவர் ஒருவர் தன் மகளே தனியாக வெளிநாட்டில் படிப்பதைச் சொன்னார். அங்கங்கே முணுமுணுப்பு எழுந்தது. செயலாளர் அபினவ், இந்த மாதிரி ஆட்களால்தான் நாம் உருப்படுவதில்லை என்று பக்கத்திலிருந்தவனிடம் காதில் விழும்படியே சொன்னான்.



"அச்சா, நேராவே கேக்கிறேன்," என்றான் ப்ரசன்னா. "பெண்கள் வர்றது உனக்குப் பிடிக்கல. அதானே?"

சிவகுமார் எழுந்து நின்றான். சபையைப் பார்த்துப் பேசிப் பழக்கமில்லாதவன், தரையைப் பார்த்தே பேசினான்.

"வரட்டுமுங்க. அது எதுக்கு எட்டாவது வருசம்?"

தலை நிமிராமலே தொடர்ந்தான்.

"மானசா போன வருசம் பெட்டியோட இந்த வாசல்ல வந்து நின்னாங்க. பசங்களுக்கு மட்டும்தான்னு சொல்லி அனுப்பிட்டோம். அப்புறம் ரூம் கிடைக்காம எங்கெங்கயோ அலைஞ்சாங்க. இந்த ஜூலையிலயும் யாராவது ஒரு பொண்ணு அப்படி வந்து நிக்கும். எட்டு வருசம் பொறும்மான்னு சொல்லலாமுங்களா?"

டெல்லியில் ரூம் தேடி அலைந்த அனுபவம் ப்ரசன்னாவுக்குக் கிடையாது. வீட்டில் தூங்கி, வீட்டில் சாப்பிட்டு, மன்றத்துக்கு வந்து போகிறவன். எட்டாவது வருஷம் என்று எழுதச் சொன்னபோது அது அவனுக்கு ரொம்பத் துணிச்சலான தேதியாகத்தான் தெரிந்தது.

உடனே நடக்கிற காரியமா என்று அபினவ்தான் இழுத்தான். மேல் மாடியில் இருக்கிறவர்களை எங்கே அனுப்புவது?

"நானும் மேலதானுங்க இருக்கேன்," என்றான் சிவகுமார். "எல்லார்கிட்டயும் பேசிட்டேன். கீழயே நெருக்கி இருந்துக்கலாம்ங்கறாங்க."

மேல் மாடிப் பையன்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். ஒருத்தன் முகத்திலும் சலிப்பில்லை. அவர்களைப் பார்க்கப் பார்க்க ப்ரசன்னாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கொஞ்சம் முன்னால் தன் திட்டத்தை வாசித்தபோது வந்த பெருமை இதற்குப் பக்கத்தில் நிற்காது என்று பட்டது. இப்படிப்பட்டவர்களுக்குத் தான் தலைவன்.

எட்டாவது ஆண்டு என்பதை அடித்துவிட்டு, இன்று முதல் என்று திருத்தச் சொன்னான். எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. பெண்களில் முதல் உறுப்பினராக மானசாவின் பெயரை சிவகுமார் முன்மொழிய, ப்ரசன்னா வழிமொழிந்தான். கை தட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

கூட்டம் கலைந்து டீ வந்தது. ப்ரசன்னா ஒரு கப்பை எடுத்துக்கொண்டுபோய் மானசாவிடம் கொடுத்தான்.

"அந்த வரியை நீதானே எழுதினே. எட்டு வருஷம் ஜாஸ்தின்னு அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

மானசா டீயை ஒரு வாய் குடித்தாள்.

"அப்ப நான் மெம்பர் இல்லையே, ப்ரசன்னா."