தூசி தட்டிய குரல்

"இது அந்தக் குரல் இல்லை, தம்பி. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

லூவீனியா காகிதத்தைத் தள்ளிவிட்டு மொச்சை உரிக்க உட்கார்ந்துவிட்டார். வீவருக்குச் சுருக்கென்றது. மெம்பிஸிலிருந்து மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்தவனுக்கு ஒரு வாய் காபிகூடக் கொடுக்காமல், இப்படியா மூஞ்சியில் அடிப்பார்கள்?

அப்பன் பாட்டை ஊரே கேட்கப்போகிறது என்று குதிக்க வேண்டியவர் இவர். 1939-ல் இதே மிசிசிப்பி ஊரில், நாட்டுப்பாட்டுத் தேடி அலைந்த ஒரு மனிதர் மெஷின் வைத்துப் பதிவு செய்த நாலு ப்ளூஸ் பாட்டு, கறுப்பின மக்களின் சோகப் பாட்டு. இசைத்தட்டில் ஒட்டிய சீட்டில், 'ஆமோஸ் டில்லார்ட், கிட்டாரும் குரலும்' என்று எழுதியிருந்தது. அறுபது வருடம் காப்பகத்தில் கிடந்த அந்தத் தட்டை இரண்டு வருடம் மெனக்கெட்டுச் சுத்தம் செய்தவன் வீவர். ஆமோஸின் ஒரே வாரிசு இந்த அம்மாள்தான். இவர் கையெழுத்து இல்லாவிட்டால் சி.டி. கடைக்குப் போகாது, அத்தனை உழைப்பும் குப்பைக்கு.

பாட்டைப் போட விடுவதற்கே என்ன பாடு படுத்தினார்! சபையில் இவர் மூத்த தாயார். அடுத்த வீடு பாஸ்டர் வீடு. ப்ளூஸ் என்றாலே பிசாசின் பாட்டு என்கிற சபை அது. பாடியவர்களைத் தள்ளிவைத்த காலமும் உண்டு. எல்லா ஜன்னலையும் சாத்திய பிறகுதான் போடச் சொன்னார்.

வீவர் பொறுமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு பேசினான். "பழைய தட்டுல குரல் கீச்சுன்னு இருந்துச்சு, மிஸ் லூவீனியா. ஒரு ஆம்பளைக்கு அப்படிக் குரல் இருக்குமா? கார் பேட்டரியில ஓடின மெஷின். பதியும்போது பேட்டரி சோர்ந்து தட்டு மெதுவாச் சுத்தியிருக்கு, அதான் போடும்போது குரல் மேல ஏறிடுச்சு. வேகத்தைக் குறைச்சு அந்தத் தப்பைத்தான் சரி பண்ணேன். உங்கப்பா குரலை உங்கப்பாவுக்கே திருப்பிக் கொடுத்திருக்கேன்."

"உன்னை யாரு கேட்டா?"

நன்றி கெட்ட மனுஷி என்று பல்லைக் கடித்தான் வீவர். அவர் விடவில்லை. "மூணாவது பாட்டுல ஒரு பிள்ளை அழுதிருக்கணுமே. அது எங்கே?"

இவருக்கு எப்படித் தெரியும்? திகைத்தாலும், எடுத்துவிட்டேன் என்றான். பாட்டுக்கு நடுவில் கைக்குழந்தை வீல் வீலென்று கத்தினால் எவன் காசு கொடுத்து வாங்குவான்? அதை மட்டும் உருவி எடுக்க நாலு மாதம் ஆனது என்று பெருமையாகவே சொன்னான்.

மொச்சைக் கிண்ணம் மேஜையில் நங்கென்று உட்கார்ந்தது. பழைய பதிவு கைவசம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. கை வைக்காமல் அப்படியே போடு என்றார்.

கரகரவென்று இரைச்சல். அதற்குள்ளிருந்து கிட்டார், கூடவே, கூரையைத் தொடுகிற அந்தக் கீச்சுக் குரல். நடுவில் குழந்தை அழத் தொடங்கியது. இரண்டு அடி பாடுவதற்குள் அழுகை சட்டென்று நின்றது. பாட்டு மட்டும் நிற்கவே இல்லை. லூவீனியாவின் கண் நிரம்பிவிட்டது.

"அந்தப் பிள்ளை நான்தான். அப்ப எனக்கு ஏழு மாசம். ஏன் அழுகையை நிறுத்தினேன்னு யோசிச்சியா?"

"யாராவது வெளியில தூக்கிட்டுப் போயிருப்பாங்க."

"வேற யாரு இருந்தா? வந்தவர் மெஷினைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். எங்கப்பா கிட்டாரைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார்."

அவர் எழுந்து போய் ஒவ்வொரு ஜன்னலாகப் படாரென்று திறந்துவிட்டார். பாட்டு பாஸ்டர் வீடு வரைக்கும் போயிற்று.

"சபையில தள்ளி வெச்சுடுவாங்கன்னு பயந்துதான், சபைப் பக்கமே போகாத அப்பா பேரைக் கொடுத்தாங்க. பாடிக்கிட்டே எனக்குப் பால் கொடுத்த எங்கம்மாவுக்கு நீ மீசை வெச்சு விட்டிருக்கியே, தம்பி."