நல்லாப் புரியுது, மாத்திக் கொடுங்க

"இந்தப் பைபிளை மாத்திக் கொடும்மா. நல்லாப் புரியுது."

விற்பனைப் பெண்ணுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. இந்தப் புத்தகக் கடையில் ஆறு வருஷமாக நிற்கிறாள். எழுத்து பொடிசு, அட்டை கழண்டு வருது, ஒரு எழவும் புரியலை என்று மாற்ற வந்தவர்கள் உண்டு. புரிகிறது என்று மாற்ற வந்தவர் இவர் ஒருத்தர்தான்.

சட்டைப் பையில் குத்தியிருந்த டெஸ்டரைப் பார்த்ததும் ஆள் யாரென்று ஞாபகம் வந்தது. எலக்ட்ரீஷியன். வயசு ஐம்பத்தைந்துக்குக் குறையாது. போன மாசம்தான் வந்தார். "வீட்ல இருந்த பைபிள் நார்நாராக் கிழிஞ்சு போச்சும்மா. தினம் உக்காந்து படிக்கிறதுக்குத் தோதா ஒண்ணு வேணும்" என்றார். அவளும் நாலு மொழிபெயர்ப்பை எடுத்துப் போட்டு, ஒரே பக்கத்தை நாலிலும் வாசித்துக் காட்டி, எளிய தமிழில் வந்திருக்கும் புதியதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். அவர் ஊம் ஊம் என்று தலையாட்டிக்கொண்டு வாங்கிப் போனார்.

"புரியணும்னுதானே சார் படிக்கிறோம்?"

"உன் மேல தப்பே இல்லம்மா. வழுக்கிக்கிட்டுப் போகுது. முந்நூறு பக்கம் தாண்டிட்டேன். ஓரிடத்துல நின்னு யோசிக்கணுமே? ம்ஹூம்!"

"அப்ப என்னதான் குறை?"

"அதான் குறை." பிடரியைச் சொறிந்துகொண்டார். "பழைய மொழிபெயர்ப்பு இருக்கே, வீட்ல கிழிஞ்சு போனதும் அதான், அதையே கொடுத்துடு."

"அது கடிச்சாலும் உடையாத தமிழாச்சே சார்."

"அதேதான்!" அவர் முகத்தில் பல்ப் எரிந்தது. "உடையவே கூடாது."

அவளுக்குச் சுருக்கென்றது. பாடுபட்டுத் தேடிக் கொடுத்தவளுக்கு இதுதானா மரியாதை? இந்த மாதிரி ஆட்களை அவள் பார்க்காததா? படிப்பதெல்லாம் சும்மா. கையில் கனமாக ஒன்று வேண்டும், நாலு பேர் பார்க்க அக்குளில் இடுக்கிக்கொண்டு போக.

வேண்டுமென்றே மேல்தட்டிலிருந்து கறுப்புத் தோல் அட்டையும் தங்க விளிம்புமாக ஒன்றை இறக்கி வைத்தாள்.

"ஐயய்யோ, இந்தப் பகட்டெல்லாம் எனக்கெதுக்கு? சாதா அட்டை போதும். எழுத்து மட்டும் பெரிசாப் பாரு."

ஓகோ, இது வேற ரகமா? புரியாமல் இருந்தால்தான் கடவுள் பேச்சு என்று நினைக்கிற கட்சி போலிருக்கிறது. மனசுக்குள் நொடித்துக்கொண்டே சாதா அட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

அவர் நின்றபடியே பிரித்தார். விரல் வரிவரியாக ஊர்ந்தது. ஒரு பக்கம். இரண்டாவது பக்கம். மூன்றாவதில் விரல் நின்றது. தொலைந்த சாவி கிடைத்த மாதிரி முகமெல்லாம் சிரிப்பு.

"இதைப் பாரும்மா. பரிதானம்! தானம்னா நல்ல விஷயம்தானே? அதை ஏன் வாங்கக் கூடாதுங்கறாங்க?"

"சார், அது தானமே இல்ல. பரிதானம்னா..."

"சொல்லிடாத!"

அவர் போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. அதற்குள் அவர் போனை எடுத்துவிட்டார்.

"அக்கா, நான்தான்... சாப்பிட்டியா?... ஐயோ, வெச்சிடாத, வெச்சிடாத. ஒரே ஒரு சந்தேகம்க்கா. பைபிள்ல பரிதானம்னு வருதே, அது ரத்ததானம் மாதிரி ஏதாவதா?"

எதிர்முனையில் குரல் வெடித்தது. அவர் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தார்.

"ரத்ததானமா? மூளையை எங்கடா கழட்டி வெச்சே? லஞ்சம்டா, லஞ்சம்! முப்பது வருஷம் தமிழ் டீச்சரா இருந்தவ தம்பின்னு வெளியில சொல்லித் தொலைச்சிடாத! எந்தப் பக்கம்? மேல இருந்து படி. நிறுத்திப் படிடா!"

அவர் படித்தார். அந்தக் குரல் திருத்தியது, மடக்கியது, இன்னும் நாலு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டு அதற்கும் திட்டியது. பின்னால் வரிசை நீண்டது. அவர் அசையவில்லை. "ஓகோ... அப்படியா... இன்னொரு தடவை சொல்லுக்கா" என்று திட்டை வாங்கிக்கொண்டே நின்றார். பத்து நிமிஷம் கழித்து போனைப் பையில் போட்டபோது அவர் கண்ணோரம் ஈரமாக இருந்தது.

அவளுக்கே பாவமாகப் போய்விட்டது. இத்தனை பேர் நடுவில் இப்படியா ஒரு மனுஷனைப் பேசுவது?

"ஒரு வார்த்தைதானே சார், நானே சொல்லியிருப்பேனே. அப்படியே அவங்ககிட்டதான் கேக்கணும்னாலும், எளிய பைபிளைப் படிச்சுட்டு, புரியாத மாதிரி கேட்டாப் போச்சு. அதுக்கு ஏன் இதை மாத்தணும்?"

"கேட்டுப் பாத்தேம்மா. டீச்சராச்சே, நடிப்புன்னு உடனே கண்டுபிடிச்சிட்டாங்க. 'எனக்காக யாரும் பாவம் பாக்க வேணாம்'னு போனை வெச்சிட்டாங்க. அதான், நிஜமாவே புரியாததா ஒண்ணு வேணும்."

"எதுக்கு சார் இப்படி வலியப் போய்த் திட்டு வாங்கணும்?"

அவர் புதுப் பைபிளை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"மாமா தவறி எட்டு மாசம் ஆச்சும்மா. அதுலேருந்து அக்காகிட்ட யார் பேசினாலும் 'ம்'முன்னு ஒரு சத்தம், அதோட சரி. அப்பத்தான் ஒரு நாள் அந்தக் கிழிஞ்ச பைபிள்ல ஒரு வார்த்தை புரியலைன்னு எதார்த்தமாக் கேட்டேன். அன்னைக்குத்தாம்மா எங்க அக்கா வாயைத் திறந்து என்னை முட்டாள்னு திட்டினாங்க!"